பிசிவி வால்வு டியூபை அடைத்துவிடாதீர்கள்

"ஏற்காடு மலையிறங்கும்போது நீலப்புகை வந்தால் பிசிவி வால்வு டியூபைப் பிடுங்கி போல்ட்டால் அடைத்துவிடுங்கள், ஆயில் குறையாது" என்று மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்யாதீர்கள்.

பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எப்போதும் கொஞ்சம் வாயு இன்ஜினின் அடிப்பகுதிக்குக் கசியும். அது வெளியேறி, மேனிஃபோல்டுக்கு (இன்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) போகும் வழியே இந்த பிசிவி வால்வுதான். அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் கசியும், சில வண்டிகளில் டிப்ஸ்டிக்கே (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) மேலே எழும்பும்.

20 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஆக்ஸிலேட்டரை விட்டு கியரிலேயே இறங்கும்போது மேனிஃபோல்டில் உறிஞ்சல் அதிகம். பிசிவி வால்வு திறந்தபடி சிக்கியிருந்தால் ஆயிலையும் இழுத்துவிடும், அது எரிந்துதான் நீலப்புகை வருகிறது. இன்ஜின் வால்வுகளின் சீல், பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் புகை வரும். ஆனாலும் மலிவான பிசிவி வால்வை முதலில் பாருங்கள்.

பல பெட்ரோல் வண்டிகளில் இது டாப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) மேல் ரப்பர் வாஷரில் செருகியிருக்கும். இன்ஜின் ஆறியதும் திருகி இழுங்கள். ஆட்டினால் 'டிக் டிக்' சத்தம் வரவேண்டும். சத்தம் வந்தாலும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். என் வண்டியில் வாஷர் கல்லாக இறுகி, கழற்றும்போதே உடைந்தது. அதையும் சேர்த்தே வாங்குங்கள். உடைந்த துண்டு உள்ளே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.