கடலூர் வெயிலில் ஓவர்கிளாக்கிங்

மடிக்கணினி ப்ராசஸரை டெஸ்க்டாப்பில் போடுவது வீண் வேலை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். ஏஎம்டியின் மடிக்கணினி ப்ராசஸரான அத்லான் எக்ஸ்பி-எம் 2500+ காலத்தில் அப்படி இல்லை. இதன் டெஸ்க்டாப் வகையான பார்ட்டனுக்கு 1.65 வோல்ட் வேண்டும், இதற்கு 1.45 போதும். மதர்போர்டில் பொருத்தும் இடமும் அதே சாக்கெட் ஏ-தான். மல்டிப்ளையர் (ப்ராசஸர் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கு எண்) பூட்டப்படாததால், மெமரியின் வேகத்தைத் தொடாமலே ப்ராசஸரைக் குறித்த வேகத்துக்கு மேல் ஏற்றலாம்; அதுதான் ஓவர்கிளாக்கிங். கடலூர் முதுநகரில் என் வீட்டில் 1.87 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.3 வரை ஏற்றினேன். மார்கழியில் சரி, சமர்த்தாக ஓடியது. அக்னி நட்சத்திரத்தில் மதியமானால் கணினி தானாக அணைந்துவிடும்! 2.1-க்கு இறக்கிய பிறகுதான் நிம்மதி.

அப்புறம், அந்த ப்ராசஸர் மேல் உலோக மூடி கிடையாது, சிலிக்கான் வெறுமனே நிற்கும். ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) கிளிப்பை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தியதில் என் முதல் சில்லின் மூலை பெயர்ந்தே போனது. அவசரப்பட்டது என் தப்புதான்.