போர்க்மெயர்: எறும்பைவிட ஈதான் முக்கியம்

தாமஸ் போர்க்மெயரைப் பற்றிய ஒரு கட்டுரை அவரை எறும்பு ஆராய்ந்த பாதிரியார் என்று சொல்லி முடித்துவிடுகிறது. ஜெர்மனியில் பிறந்து பிரேசிலில் வாழ்ந்த இந்த பிரான்சிஸ்கன் துறவி 1931இல் பூச்சியியல் இதழ் தொடங்கியதும் உண்மைதான். ஆனால் இன்றுவரை பயன்படுவது ஃபோரிட் என்ற சிறு ஈக் குடும்பத்துக்கு அவர் தந்த வகைப்பாடு.

அந்தக் குடும்பத்தில் சூடாக்டியான் என்று ஒரு பேரினம், ஒன்றரை மி.மீ. கூட இராத ஈ. பெண் ஈ நெருப்பெறும்பின் மார்புப் பகுதியில் ஒரே ஒரு முட்டையைச் செலுத்தும். புழு தலைக்குள் நகர்ந்து உள்ளே இருப்பதைத் தின்னும். தலை கழன்று விழும். அந்த ஓட்டுக்குள்ளேயே கூட்டுப்புழு, பிறகு வாய்த் துளை வழியாக ஈ. இனம் பிரிக்க முட்டையிடும் உறுப்பின் வடிவம்தான் பிடி. அதனால் இவற்றைச் சாராயத்தில் போட்டு, கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஊசியில் குத்திக் காயவிட்டால் சுருங்கிவிடும், ஒன்றும் தெரியாது.

1925இல் அவர் பெயரிட்ட சூடாக்டியான் டிரைகஸ்பிஸை 1997இல் ஃபுளோரிடாவில் நெருப்பெறும்புக்கு எதிராக விட்டார்கள். ஈ கொல்லும் எறும்புகள் சொற்பம். தலைக்கு மேல் ஈ வட்டமிட்டாலே எறும்புகள் இரை தேடுவதை விட்டுப் பதுங்கும், பலன் அதில்தான். இனத்தை மாற்றி விட்டிருந்தால் தாக்கப்படும் எறும்பும் மாறியிருக்கும்: டிரைகஸ்பிஸ் பெரிய வேலைக்கார எறும்பைத் தேடும், அதே பேரினத்தின் கர்வேட்டஸ் என்ற இன்னொரு இனம் சிறியதை.