ட்ரையல்ல சேரச் சொன்னா ஃபார்மை வீட்டுக்கு எடுத்துட்டு வாங்க

ஆஸ்பத்திரியில "புது மருந்து ட்ரையல் ஒண்ணு நடக்குது, சேர்றீங்களா"ன்னு கேட்டா நம்ம ஆளுங்க ரெண்டே ரகம். "நம்மள வச்சு டெஸ்ட் பண்றானுங்கடா"ன்னு ஓடுறவங்க ஒரு ரகம், டாக்டரே சொல்லிட்டாரேன்னு எங்க கையெழுத்துன்னு மட்டும் கேட்டு போட்டுட்டு வர்றவங்க இன்னொரு ரகம். எனக்கு ரெண்டாவது ரகத்த நினைச்சாதான் பயம்.

ஓடுறவங்களுக்கு நம்ம மெட்ராஸ் கதை ஒண்ணு இருக்கு. அப்பல்லாம் டிபி வந்தா சானடோரியத்துல (டிபிக்குன்னே இருக்கிற ஆஸ்பத்திரி) மாசக்கணக்குல கிடக்கணும், நல்ல சாப்பாடு, காத்து, ரெஸ்ட்டு இல்லாம குணமாகாதுன்னுதான் நினைச்சுட்டு இருந்தாங்க (தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் பேரெல்லாம் அப்படி வந்ததுதான்). ஆனா இத்தனை பேருக்கு பெட்டுக்கு எங்க போறது? 1956ல மெட்ராஸ்ல இதுக்குன்னே ஒரு சென்டர் ஆரம்பிச்சு, 193 ஏழை டிபி நோயாளிங்கள குலுக்கல் மாதிரி பிரிச்சு, பாதிப் பேர சானடோரியத்துக்கு அனுப்பி பாதிப் பேர வீட்லயே வச்சு, எல்லாருக்கும் அதே மருந்த ஒரு வருஷம் குடுத்தாங்க. நெரிசலான வீடு, அரைகுறை சாப்பாடு, இருந்தும் வீட்ல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால கூடுதலா தொத்தல. 1959ல ரிசல்ட் வந்துச்சு, இன்னிக்கு டிபிக்கு வீட்லயே மாத்திரை போட்டுக்கிறோம்னா அந்த 193 பேருக்கும் அதுல பங்கு இருக்கு. அந்த சென்டர்தான் இப்ப சேத்துப்பட்டுல இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

இப்ப கையெழுத்து கேஸுக்கு வரேன். எங்க சித்தப்பாவுக்கு சுகர். ஒரு ஆஸ்பத்திரியில (பேர் வேணாம்) ட்ரையல்ல சேரச் சொல்லி ஒரு பொண்ணு ஒரு கட்டு பேப்பர நீட்டுச்சு, கையெழுத்து போட வேண்டிய இடத்துல எல்லாம் முன்னாடியே பென்சில்ல இன்டு மார்க். சித்தப்பா கேட்ட ஒரே கேள்வி "மாத்திரை ஃப்ரீயா?" சித்திதான் "இப்ப போடுற மாத்திரைய நிறுத்தணுமா"ன்னு கேட்டாங்க. அந்தப் பொண்ணு முழிச்சிட்டு டாக்டர கேட்டு சொல்றேன்னு போயிடுச்சு. அங்க கேக்க வேண்டிய முதல் கேள்வியே அதுதாங்க!

ஏன்னா ட்ரையல்ங்கிறது உங்களுக்கு வைத்தியம் பாக்கிறதுக்காக மட்டும் நடக்கிறது இல்ல, அந்த மருந்து வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க நடக்கிறது. உங்களுக்கு புது மருந்து வரலாம், பழசே வரலாம், சிலதுல வெறும் டம்மி மாத்திரை கூட வரலாம், நிறைய ட்ரையல்ல எது வந்துச்சுன்னு டாக்டருக்கே தெரியாது. இத வாயால சொல்லி புரியவைக்காம கையெழுத்து கேட்டா எழுந்து வந்துடுங்க.

சட்டம் ஒண்ணும் மோசம் இல்ல, மருந்து ட்ரையலுக்குன்னே 2019 ரூல்ஸ் இருக்கு. ஃபார்ம் உங்களுக்குப் புரியிற மொழியில இருக்கணும், ஒரு காப்பி உங்க கைக்கு வரணும், படிக்கத் தெரியாதவங்கன்னா ட்ரையலுக்கு சம்பந்தமில்லாத ஒரு சாட்சி கூட இருக்கணும். ட்ரையலால உடம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா வைத்தியம் அவங்க செலவு, நஷ்ட ஈடும் உண்டு. பாதியில வேணாம்னு வரலாம், அதுக்காக உங்களுக்கு வழக்கமா பாக்குற வைத்தியத்த நிறுத்தக்கூடாது. சிடிஆர்ஐன்னு ஒரு அரசாங்க வெப்சைட்ல ட்ரையல் பதிவாகியிருக்கணும், நம்பர் வாங்கி நீங்களே போன்ல தேடிப் பாக்கலாம்.

ரூல் எழுதி வச்சா போதுமா? ஆந்திராவுல 2009ல பள்ளிக்கூடப் பொண்ணுங்களுக்கு எச்பிவி தடுப்பூசி (கர்ப்பப்பை வாய் புற்றுநோய தடுக்கிறது) போட்டு நடந்த ஸ்டடியில நிறைய ஃபார்ம்ல அப்பா அம்மாவுக்குப் பதிலா ஹாஸ்டல் வார்டன்தான் கையெழுத்து போட்டிருந்தாங்க, பார்லிமென்ட் கமிட்டி வரைக்கும் போச்சு. தடுப்பூசி நல்லதுதான், எனக்கு அதுல சந்தேகமே இல்ல, ஆனா பெத்தவங்கள கேக்காம எப்படி?

அப்புறம் காசுக்காக மருந்து சாப்பிட்டு டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கிற ஸ்டடிக்குப் போற தம்பிங்களுக்கு: ஒரு எடத்துல முடிச்ச கையோட அத மறைச்சு இன்னொரு எடத்துல சேராதீங்க. போன மருந்து உடம்புல இருக்கிறப்பவே அடுத்தது உள்ள போகும், ஏதாவது ஆச்சுன்னா எதனாலன்னு டாக்டரால கண்டுபிடிக்கவே முடியாது, நஷ்ட ஈடு கேக்கவும் வாய் இருக்காது.