ஒரு லட்சம் ரூபாய்ப் பங்கும் லாரியின் பின் டயரும்

எம்.ஆர்.எஃப் பங்கின் விலையைப் படமாகப் போட்டு "பலூன் விற்றவரின் கம்பெனி" என்று பெருமைப்படும் பதிவுகள் மாதம் ஒரு முறையாவது கண்ணில் படுகின்றன. பெருமைப்படட்டும், சென்னையில் பிறந்த கம்பெனிதான். ஆனால் அந்த விலை, கம்பெனியின் வளர்ச்சியை அளக்கும் கோல் அல்ல. 2023 ஜூன் 13 அன்று ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டதற்கு முக்கியக் காரணம், அவர்களிடம் மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான் இருக்கின்றன என்பது. 1975க்குப் பிறகு பங்குதாரர்களுக்கு இலவசமாகக் கூடுதல் பங்கு, அதாவது போனஸ் பங்கு, கொடுக்கவில்லை, ஒரு பங்கைப் பல சிறு பங்குகளாகப் பிரிக்கவும் இல்லை. அப்பல்லோ டயர்ஸுக்கு 60 கோடிக்கும் மேல் பங்குகள் உண்டு, அதனால் அதன் விலை சில நூறுகளில் நிற்கிறது. இவ்வளவுதான் சூட்சுமம்.

உண்மையான கதை பலூனிலும் இல்லை. 1946இல் கே.எம். மம்மன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்தார், தெருத்தெருவாக விற்றார் என்பதெல்லாம் சரி. கம்பெனியின் தலையெழுத்து மாறியது 1952இல், டயருக்கு மேலே ஒட்டும் டிரெட் ரப்பரைத் தயாரிக்கத் தொடங்கியபோது.

லாரி வைத்திருக்கும் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டயரில் தேய்வது மேற்பட்டைதான், உள்ளே இருக்கும் கேசிங் பல ஆண்டு உழைக்கும். தேய்ந்ததும் புதுப் பட்டை ஒட்டி, அதாவது ரீட்ரெடிங் செய்து, பின்னால் மாட்டுவார்கள். முன்னால் மட்டும் புது டயர், ஏனென்றால் முன் டயர் வெடித்தால் வண்டி கையை மீறிவிடும். திருச்செங்கோட்டில் என் சித்தப்பா லாரி ஓட்டிய காலம் முழுக்க வீட்டில் பணப் பேச்சு என்றால் பாதி டயர்ப் பேச்சுதான். டீசலுக்கு அடுத்து லாரிக்காரரைக் கடிப்பது டயர்.

புது டயரில் டன்லப், ஃபயர்ஸ்டோன் போன்ற வெளிநாட்டுக் கம்பெனிகள் கோலோச்சிய காலத்தில், ரீட்ரெடிங் பட்டறைகளை நம்பி ஒரு மெட்ராஸ் கம்பெனி இறங்கியது. 1956க்குள் இந்திய டிரெட் ரப்பர் சந்தையில் பாதியைப் பிடித்துவிட்டது. எந்த ஊரில் எந்தச் சாலை பட்டையைத் தின்கிறது, எவ்வளவு பாரம் ஏற்றுகிறார்கள், உரிமையாளர் எந்த விலைக்கு மசிவார் என்ற அறிவு அந்தப் பத்தாண்டுகளில் சேர்ந்ததுதான் என்று நினைக்கிறேன். பிறகு அமெரிக்காவின் மேன்ஸ்ஃபீல்டு டயர் கம்பெனியுடன் சேர்ந்து 1961இல் முதல் டயர் வந்தது. அமெரிக்க நெடுஞ்சாலைக்கு எழுதிய சூத்திரம் நம் பள்ளங்களுக்கும் அதிக பாரத்துக்கும் அப்படியே பொருந்துமா? நமக்கென்று தனி ஆய்வு வேண்டும். 1963இல் திருவொற்றியூர் ரப்பர் ஆய்வு மையத்துக்கு நேரு அடிக்கல் நாட்டினார். 1964இல் வந்த டயர் தூக்கும் பயில்வான் சின்னம்கூட, லாரி ஓட்டுநர்களிடம் விசாரித்து, "டயர் என்றால் பலம்" என்ற அவர்கள் எண்ணத்திலிருந்து விளம்பரக்காரர் அலிக் பதம்ஸி உருவாக்கியது. கார் வைத்திருந்த கனவான்களுக்கு வரைந்த படம் அல்ல அது.

அம்பத்தூரில் தொழிற்சாலை வைத்திருந்த டன்லப் இன்று எங்கே? அந்தக் கம்பெனி கைமாறிக் கைமாறி நொடித்துப்போனது தனிக் கதை. எம்.ஆர்.எஃப் அரக்கோணம், புதுச்சேரி, பெரம்பலூர் என்று பரவி, ஆண்டு வருமானம் 25,000 கோடி ரூபாயைத் தாண்டி நிற்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், மதுரை, கங்கைகொண்டான் என்று மற்ற டயர்க் கம்பெனிகளும் தமிழ்நாட்டை மொய்த்திருக்கின்றன.

இதுவரை எனக்கும் பெருமைதான். உறுத்துவது வேறு. இந்தக் கம்பெனியைத் தூக்கிவிட்ட லாரிக்காரருக்கு இந்த வளர்ச்சியில் என்ன பங்கு?

2022 பிப்ரவரியில் வெளிவந்த ஒரு செய்தியை அந்தப் பங்கு விலைப் பதிவுகளில் யாரும் பகிர்ந்து பார்த்ததில்லை. 2011-12இல் கூடிப் பேசி விலை வைத்ததாகச் சொல்லி, ஐந்து டயர் கம்பெனிகளுக்கும் அவற்றின் சங்கத்துக்கும் சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று பார்க்கும் இந்தியப் போட்டி ஆணையம் அபராதம் விதித்தது. மொத்தம் 1,788 கோடி ரூபாய். அதில் எம்.ஆர்.எஃப் மீது விதித்தது மட்டும் 622 கோடி. பிரச்சினையை எழுப்பியது டயர் வியாபாரிகளின் கூட்டமைப்பு. கம்பெனிகள் மறுத்து மேல்முறையீடு செய்தன, அந்த ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழக்கை மறுபரிசீலனைக்காக ஆணையத்துக்கே திருப்பி அனுப்பியது. ஆகவே குற்றம் முடிவானது என்று நான் சொல்லவில்லை. ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய கம்பெனிகள் சந்தையை வைத்திருக்கும்போது, கூடிப் பேசாமலேயே விலைகள் ஒன்றை ஒன்று பார்த்து நகரும். 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்துவிட்டது. உள்ளூர்த் தொழிலுக்குப் பாதுகாப்பு தேவை என்பதை ஏற்கிறேன். பாதுகாப்பு கொடுக்கும் அரசு, பதிலுக்கு விலையையும் கண்காணிக்க வேண்டாமா?

கோட்டயத்து ரப்பர் விவசாயிக்கு 2011இல் கிலோவுக்கு 200 ரூபாய்க்கு மேல் கிடைத்தது. சில ஆண்டுகளில் அது ஏறத்தாழ பாதியானது. நாமக்கல் லாரிக்காரருக்கு டயர் பாதி விலையில் கிடைத்ததாக நினைவு இல்லை. கச்சா எண்ணெய், ரப்பரில் கலக்கும் கரி, நைலான், கூலி என்று கம்பெனிகள் கணக்குச் சொல்லும், அதில் நியாயமும் உண்டு. அந்தக் கணக்கை வாங்குகிறவர் பார்க்க வழியில்லை என்பதுதான் என் குறை. 2025 செப்டம்பரில் டயர் மீதான ஜி.எஸ்.டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, வரி பில்லில் தனியாகத் தெரிவதால் கடைக்காரரிடம் கேள்வி கேட்க முடிந்தது. ரப்பரின் விலை எந்த பில்லிலும் அச்சாவதில்லை.