கேட்கவே இல்லையாம், அந்தம்மாவே கொடுத்ததாம்

அந்த வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இணைக்கவில்லை. கணவரை இழந்த ஒரு அம்மாவிடம் வாரிசுச் சான்றிதழுக்கு 3,000 ரூபாய் லஞ்சம் வாங்கி, லஞ்ச ஒழிப்புத் துறையிடம் பிடிபட்ட வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), விரல்களை டம்ளரில் நனைத்ததும் தண்ணீர் ரோஸ் நிறமானதே, அதேதான். வீடியோ பார்த்துக் கோபம் வரவில்லை. கீழே இருந்த கமெண்டுகளைப் படித்துத்தான் வந்தது. "பாவம், புள்ளகுட்டிக்காரர்." "மூவாயிரத்துக்கு ஒரு குடும்பத்தையே தெருவுல நிறுத்திட்டாங்க." "அவர் கேட்கவே இல்லையாம், அந்தம்மாவே கொடுத்ததாம்."

சரி, கேட்கவில்லை. மனு எத்தனை நாள் அவர் லாகினில் கிடந்தது என்று ஒருத்தராவது கேட்டீர்களா?

இந்த மனு போகும் வழி தெரிந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி, இறப்புச் சான்று, ரேஷன் கார்டு, வாரிசுகளின் ஆதார் எல்லாம் ஏற்ற வேண்டும். வி.ஏ.ஓ. ஊரில் விசாரித்து அறிக்கை கொடுப்பார். அடுத்து ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் தாசில்தாரின் டிஜிட்டல் கையெழுத்து. இதில் யாரும் வாய் திறந்து பணம் கேட்கத் தேவையே இல்லை. மனுவைத் திறக்காமல் விட்டாலே போதும். மேலிடத்திலிருந்து நெருக்கினால், 'இனிஷியல் மாறியிருக்கிறது' என்று ஒரு வரி எழுதித் திருப்பிவிடலாம். பழைய மனு கணக்கில் முடிந்துபோகும், அந்தம்மா புது மனு போட வேண்டும், நாள் ஒன்றிலிருந்து ஓடும். மூன்றாவது நடையில் அவரே முந்தானை முடிச்சை அவிழ்ப்பார். அப்புறம் என்ன, "நான் கேட்கவே இல்லையே!"

தாமதம்தான் கேட்கிறது ஐயா. வாய் எதற்கு?

"செய்யவேண்டிய வேலையைத்தானே செய்தார், தப்பாக ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லையே" என்கிறார் ஒரு நண்பர். 1988 ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7ஆம் பிரிவை, 2018 திருத்தத்துக்குப் பிறகு உள்ளபடி, ஒருமுறை வாசித்துவிட்டு வாருங்கள். வாங்குவதும் குற்றம், ஏற்பதும் குற்றம், வாங்க முயல்வதும் குற்றம். வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்பது அங்கே கேள்வியே இல்லை. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7.

"அப்போ கொடுத்தவரையும் உள்ளே போடுங்க!" இதற்குத்தான் அதிக லைக். 8ஆம் பிரிவு கொடுப்பவரையும் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் கட்டாயத்தால் கொடுத்தவர் 7 நாளுக்குள் புகார் சொன்னால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுத்தவருக்கும் உண்டு. இந்தம்மா இரண்டாவது வகை.

பொடி தடவிய நோட்டைக் கொடுத்தால் கேஸ் முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு: நோட்டு எண்களை எழுதிக்கொண்டு, பினாப்தலின் பொடி தடவி, வேறு துறை ஊழியர்கள் இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து மகஜர் (நடந்ததைப் பதியும் ஆவணம்) எழுதுவார்கள். அதில் ஒருவர் கூடவே போய்ப் பேச்சைக் காதால் கேட்க வேண்டும். வாங்கிய கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் நிறம் மாறும். அந்த நிறம் காட்டுவது நோட்டைத் தொட்டார் என்பதை மட்டும். பணம் கேட்டார், அல்லது நீட்டியதை லஞ்சமென்று தெரிந்தே ஏற்றார் என்பதைத் தனியாக நிரூபித்தாக வேண்டும், அங்கேதான் வழக்குகள் கவிழ்கின்றன. இரண்டு வருஷம் கழித்து ஊர்ப் பெரியவர்கள் "விட்டுடும்மா" என்று சொல்லிச் சொல்லிப் புகார்தாரர் பிறழ்சாட்சி ஆகிவிடுவார், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொல்வார். 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, புகார்தாரர் இறந்தாலும் பிறழ்ந்தாலும் சூழ்நிலைச் சாட்சியத்தால் கேட்டதை நிரூபிக்கலாம் என்று சொன்னது. அப்படியிருந்தும், உங்கள் "பாவம்" வெறும் கமெண்ட் இல்லை. அந்தம்மாவின் வாயை மூட வைக்கும் முதல் கை அது.

"அவர் நல்ல மனுஷன், மாலை போடுவார், அன்னதானம் செய்வார்." செய்யட்டும். அது அவருடைய ஒழுக்கம், அவர் வீட்டு விஷயம். நாற்காலியில் உட்கார்ந்தபின் எந்த மனுவை முதலில் திறக்கிறார் என்பதுதான் அரசுப் பணியின் அறம். எனக்குத் தெரிந்த ஒரு ஆர்.ஐ. இருந்தார், சிடுமூஞ்சி, யாரிடமும் சிரித்துப் பேசமாட்டார். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் வைத்திருப்பார்: மனு வந்த தேதி, முடித்த தேதி, இரண்டே பத்தி. எம்.எல்.ஏ. ஆள் வந்தாலும் தாளைக் காட்டி "உங்களுக்கு முன்னாடி பதினொண்ணு இருக்கு" என்பார். அவருக்கு யாரும் கமெண்டில் ஹார்ட் விடவில்லை.

"பயிற்சியில் நெறிமுறை வகுப்பு வைக்கணும்" என்று ஒரு அறிவாளி. ஐ.ஏ.எஸ். தேர்வில் 2013 முதல் நெறிமுறைக்கே 250 மதிப்பெண் தாள் இருக்கிறது. எழுதித் தேர்வானவர்களில் யாருமே மாட்டவில்லை பாருங்கள்!

குடும்பம் தெருவுக்கு வந்துவிட்டதாம். சஸ்பெண்ட் ஆனவருக்குப் பாதிச் சம்பளம் அளவுக்குப் பிழைப்பூதியம் உண்டு. புருஷன் செத்து, வங்கிக் கணக்கில் கிடக்கும் பணத்தை எடுக்க அந்தச் சான்றிதழுக்காக நடந்தவருக்கு என்ன ஊதியம்? அவருக்கும் புள்ளகுட்டி இருக்கிறது. அதை எழுதிய ஒரே ஒரு கமெண்டுக்குக் கீழே நாற்பது சிரிப்பு எமோஜி. எண்ணினேன்.

பக்கத்து ஊர் வி.ஏ.ஓ.வுக்குக் கூடுதல் பொறுப்பு கொடுத்திருக்கிறார்கள். அந்தம்மாவின் மனு இப்போது அவர் லாகினில். நேற்றுச் சாயங்காலம் வரை திறக்கவில்லை.