36 மாதப் பணம், 45 மாத ஆய்வு

தென் ஆப்பிரிக்காவில் முனைவர் பட்ட ஆய்வுக்குத் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை உதவித்தொகை தருகிறது. விண்ணப்பிக்கும் ஆண்டில் வயது 32-ஐத் தாண்டக்கூடாது. பணம் மூன்று ஆண்டுக்குத்தான். இளைஞர் வேலைவாய்ப்புக்காக இயங்கும் தொண்டு நிறுவனங்களை ஆராய வரும் பெண்ணுக்கு இந்த இரண்டு விதியும் பொருந்தாதவை.

2018-இல் தொடங்கிய 'யெஸ்' (இளைஞர் வேலைவாய்ப்புச் சேவை) திட்டத்தை எடுத்துக்கொள்வோம். வேலையில்லாத இளைஞர்களுக்கு 12 மாதப் பணி அனுபவம் தருகிறது. பத்தாவது மாதம் கேட்டால் பெரும்பாலோர் வேலையில்தான் இருப்பார்கள். ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம் கழித்துக் கேட்க வேண்டும். உண்மை அங்கேதான் தெரியும்.

மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆய்வுத் திட்டமும் அறநெறிக் குழு அனுமதியும் 12 மாதம். நிறுவனங்களின் சம்மதம் வாங்கி இளைஞர்களைச் சேர்க்க 3. ஒப்பந்தக் காலம் 12, அதன்பின் 6. ஆக 33. ஆய்வேடு எழுத மிஞ்சுவது மூன்றே மாதம், தேவையோ ஓர் ஆண்டு. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்கவே ஐந்து மணி நேரம் பிடிக்கும்; ஐசிஸுலு எனும் ஜூலு மொழியில் பேசியதை ஆங்கிலமாக்க இன்னும் கூடும். அதனால் முதலில் வெட்டுப்படுவது அந்தக் கடைசி ஆறு மாதம். அப்புறம் தொண்டு நிறுவன ஆண்டறிக்கை சொல்வதைத்தான் ஆய்வேடும் சொல்லும்.

களச்செலவு இன்னொரு பள்ளம். 1997-இன் இலாப நோக்கற்ற அமைப்புகள் சட்டப்படி அரசின் சமூக மேம்பாட்டுத் துறை வைத்திருக்கும் தொண்டு நிறுவனப் பதிவேட்டிலிருந்து ஆய்வுக்கான நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். நிதியாண்டு முடிந்து ஒன்பது மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. தராத நிறுவனங்கள் ஏராளம், செயலிழந்தவையும் பட்டியலில் கிடக்கும். 30 நிறுவனம் வேண்டுமென்றால் 60-ஐயாவது தேடிப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். இளைஞர்கள் சிம் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். முதல் சந்திப்பிலேயே அவர் எண், வீட்டார் எண், அக்கம்பக்கத்தார் எண் என மூன்றையும் உரிய ஒப்புதலோடு வாங்கி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பேசிவர வேண்டும். பேட்டி தந்தவருக்கு டேட்டா ரீசார்ஜும் செய்ய வேண்டும். களப்பணிக்குத் தனி நிதி இல்லையென்றால் இவ்வளவும் அந்தப் பெண்ணின் வாடகைப் பணத்திலிருந்து போகும்.

வயது வரம்புதான் எனக்கு அதிகம் வலிப்பது. இந்தத் துறையின் நல்ல கேள்விகள் சில ஆண்டு களத்தில் வேலை பார்த்தவர்களிடம் இருக்கின்றன. முதுகலை, நான்கைந்து ஆண்டு வேலை, ஒரு குழந்தை என்றால் 32 தாண்டிவிடும். ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் தாய்மார்களுக்குக் குழந்தை ஒன்றுக்கு 18 மாதம் தகுதிக் காலத்தை நீட்டித்துத் தருகிறது. அதே கணக்கை இங்கேயும் வைக்கலாமே!

ஆண்டுக்கு 1 கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க இளைஞர்கள் வேலை தேடி வருகிறார்கள், உருவாகும் முறைசார் வேலை சுமார் 30 லட்சம் என்கிறது ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி. எந்தப் பயிற்சி பலன் தருகிறது என்று தெரியாமல் பணத்தைக் கொட்டுவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

நிதி தருவோர் 48 மாதம் கொடுங்கள். களச்செலவையும் எழுதும் ஆண்டுக்கான பணத்தையும் மாதத் தொகையிலிருந்து பிரித்து வையுங்கள். விண்ணப்பிக்கும் பெண்கள், ஒப்பந்தம் முடிந்து ஆறு மாதம் கழித்து எடுக்கும் அந்த இரண்டாம் சுற்றுப் பேட்டிக்கான போக்குவரத்து, மொழிபெயர்ப்பு, ரீசார்ஜ் செலவை முதல் வரைவிலேயே தனித்தனி வரியாக எழுதுங்கள். பின்னால் கேட்டால் கிடைப்பது அரிது.