கனடாவிலிருந்து வந்த போத்தலும் கிளினிக் குளிசையும்

தம்பி கனடாவில் இருக்கிறான், ரொறன்ரோவில். போன வருடம் எங்கள் ஊர் மட்டக்களப்புக்கு வந்த ஒருவரிடம் பார்சல் கொடுத்து விட்டிருந்தான். சொக்லேட், மூத்தவனுக்குச் சப்பாத்து, அடியில் எனக்கென்று ஒரு போத்தல். விற்றமின் டி, ஒரு குளிசையில் 1000 ஐயூ (விற்றமினை அளக்கும் அலகு). அன்றிரவே கோல் வந்தது.

"அண்ணன், இஞ்ச டொக்டர்மாரே போடச் சொல்ற. பிறசருக்கும் நல்லமாம். அங்க கிளினிக்ல தாற குளிசைய நெடுகப் போட்டா கிட்னி பழுதாப் போகும், கவனம்."

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். 'குருதியமுக்கம்' என்று கரும்பலகையில் எழுதி, பக்கத்தில் 120/80 என்று போட்டு, கீழே இரண்டு கோடு கீறுகிறவன். இருந்தும் மறுநாள் காலை, கிளினிக்கில் தந்த பிறசர்க் குளிசையான லொசாட்டன் உறையை மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டு, கனடாப் போத்தலைத் திறந்தேன். ஏழு கிழமை அப்படியே ஓடியது.

ஏன் அப்படிச் செய்தேன் என்று யோசித்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. ஒன்று காகித உறையில், பேனையால் கிறுக்கி, காசில்லாமல் கைக்கு வந்தது. அதற்கு விடிய ஐந்தரைக்கே போய் வாங்கில் குந்தியிருக்க வேண்டும். மற்றது கடல் கடந்து வந்தது. இலவசமாகக் கிடைப்பதென்றால் எங்களுக்கு ஒரு இளக்காரம். இதைப் பிறரிடம் கண்டு நானே பகிடி பண்ணியிருக்கிறேன்.

எனக்குப் பிறசர் இருப்பது தெரிய வந்த கதை வேறு. பாடசாலையில் இரத்ததான முகாம் நடந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க, முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தேன். தாதி பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். பத்து நிமிடம் இருக்கச் சொல்லி இன்னொரு முறை பார்த்தார். 168/104. "சேர், நீங்க ரத்தம் குடுக்கேலா. கிளினிக்குப் போங்க." தலையிடியோ தலைச்சுற்றோ ஒன்றும் இல்லை. அன்று காலையும் கல்லடிப் பாலத்தால் சைக்கிள் மிதித்து வந்தவன்தான். "பிறசர் இருந்தா எனக்குத் தெரியாதா?" என்று ஊரில் நூறு பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தெரியாது. உலகத்தில் 30 முதல் 79 வயது வரையானவர்களில் ஏறக்குறைய 128 கோடிப் பேருக்கு உயர் குருதியமுக்கம், அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது.

எங்கள் அப்பாவுக்கும் தெரியாது. வேளாண்மை வெட்டு நேரம், படுவான்கரையில் வட்டைக்குப் போனவர் வரம்பிலேயே விழுந்தார். பாரிசவாதம். வலப்பக்கமும் பேச்சும் போய், ஆறு வருடம் கட்டிலில் கிடந்தார். அவருடைய கையில் ஒருநாளும் அந்தப் பட்டி சுற்றப்பட்டதில்லை.

2002 இல் வந்த ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. 40 முதல் 69 வயதுக்குள், மேல் எண் 115 இலிருந்து ஒவ்வொரு 20 கூடும்போதும் பாரிசவாதத்தாலும் மாரடைப்பாலும் இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது. என் 168 ஐ இதில் போட்டுப் பாருங்கள். நான் போட்டுப் பார்த்தது ஏழு கிழமைக்குப் பிறகு.

தம்பி பொய் சொல்லவில்லை. அவன் இருக்கும் இடத்துக்கு அது சரியான கதைதான். ரொறன்ரோ வட அகலக்கோடு 44 ஆம் பாகைக்குக் கிட்ட இருக்கிறது. மாரிகாலத்தில் அங்கே சூரியன் தாழ்ந்து போகும், தோலில் விற்றமின் டி உண்டாக்கும் யூவிபி என்ற புறஊதாக் கதிர் வளிமண்டலத்திலேயே வடிபட்டுப் போகும், மிச்சத்தைக் கோட்டும் கையுறையும் மறித்துவிடும். மட்டக்களப்பு 8 பாகைக்குச் சற்றுக் கீழே. நாங்கள் நிலத்துக்குப் பெயர் வைத்ததே சூரியனைப் பார்த்துத்தான். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இந்த வெயிலுக்குள் கனடாவின் மாரிகால மருந்து பார்சலில் வந்து இறங்குகிறது.

விற்றமின் டிக்கும் பிறசருக்கும் தொடுப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் சுரக்கும் ரெனின்தான் பிறசரைக் கூட்டும் சங்கிலியின் முதல் வளையம். விற்றமின் டி வேலை செய்ய முடியாதபடி மரபணு மாற்றிய எலிகளில் அந்த ரெனின் ஏறுகிறது என்று 2002 இல் கண்டார்கள். (லொசாட்டன் கை வைப்பதும் இதே சங்கிலியில்தான், இன்னொரு வளையத்தில்.) மனிதர்களிலும், இரத்தத்தில் விற்றமின் டி குறைந்தவர்களுக்குப் பிறசர் கூடுதலாக இருப்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். சந்தேகப்பட நியாயம் இருந்தது.

ஆனால் வெயிலில் நிற்கிறவன் யார்? நடக்கிறவன், வயலில் வேலை செய்கிறவன், உடம்பு இறுகினவன். உடம்பு பருத்து, வருத்தத்தோடு வீட்டுக்குள் கிடக்கிறவருக்குப் பிறசரும் இருக்கும், விற்றமின் டியும் குறைந்திருக்கும். அப்படியானால் எதனால் எது வந்தது? அதை அறிய ஒரே வழி, கொடுத்துப் பார்ப்பது. கொடுத்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் விற்றமின் டி குறைந்திருந்த, பிறசர் கொஞ்சம் ஏறியிருந்த 534 பேருக்கு ஆறு மாதம் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 400 ஐயூ, மறுபகுதியினருக்கு 4000. 2015 இல் முடிவு வந்தது: பிறசரில் வித்தியாசம் இல்லை. பிறகு அதே நாட்டில் 25,871 பேரிடம், நாளுக்கு 2000 ஐயூ வீதம் ஐந்து வருடத்துக்கு மேல். மாரடைப்பும் பாரிசவாதமும் குறையவில்லை. 2024 இல் லெபனானிலிருந்து வந்த ஒரு ஆய்வில், உடல் பருத்த முதியவர்களுக்குக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஆனால் அதில் ஒப்பிட்டுப் பார்க்க வெறுங் குளிசை கொடுத்த கூட்டம் இல்லை. முகநூலில் சுற்றுவது பெரும்பாலும் இந்தக் கடைசிக் கதை மட்டும்தான், வால் வெட்டப்பட்டு.

ஏழு கிழமை முடிந்து கிளினிக் திகதிக்குப் போனேன். 182/108. டொக்டர் பிள்ளை வயதில் என் மாணவியைப் போல. ஏசவில்லை. "போத்தல அடுத்தமுறை கொண்டு வந்து காட்டுங்க சேர்" என்றார். அதோடு ஒன்று சொன்னார். விற்றமின் டியை அளவு மீறிப் போட்டால் இரத்தத்தில் கல்சியம் ஏறும், கூடவே சலம் போகிற சிலவகைக் குளிசையும் எடுக்கிற ஆளென்றால் இன்னும் ஏறலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். கட்டுப்படாத பிறசரும் அதையேதான் செய்யும். தம்பி பயந்த கிட்னியை லொசாட்டன் காப்பாற்றிக்கொண்டிருந்தது. நான்தான் அதை லாச்சிக்குள் பூட்டி வைத்திருந்தேன்.

குறைபாடு எங்கள் பக்கம் இல்லவே இல்லை என்றும் நினைக்காதீர்கள். என் மனைவி கந்தோர் வேலை. காலை குடையோடு போய்ப் பொழுதுபடக் குடையோடு வருகிற ஆள். எலும்பு நோவென்று பார்த்தபோது அவவுக்கு உண்மையாகவே குறைவு. டொக்டர் சொன்னபடி போடுகிறா, எலும்புக்காக. அந்தக் கனடாப் போத்தல் இப்போது அவவுடைய மேசையில். கட்டிலோடு கிடக்கும் முதியவர்கள், வெயிலே படாமல் உள்ளேயே வேலை செய்கிறவர்கள், முழுக்க மூடி உடுக்கிறவர்கள், இவர்களுக்கும் குறையலாம். சோதித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டியது டொக்டரின் வேலை.

கல்லடிக் கடற்கரையில் விடியச் சாமம் நடக்கிறவர்களுக்கும் ஒரு சொல். இளவெயிலில் விற்றமின் டி கிடைக்கும் என்று முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். சூரியன் கடலிலிருந்து அப்போதுதான் தலை நீட்டுகிறது, அந்தச் சரிந்த ஒளியில் யூவிபி இல்லாத குறைதான். உங்கள் நிழல் உங்களைவிட நீளமாகக் கிடக்கும் வரை பெரிதாக ஒன்றும் உருவாகாது. ஆனால் நடையை விட வேண்டாம். பிறசரைக் குறைப்பது அந்த நடைதான்.

இனி உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்குள். எங்கள் வீட்டில் நாலு பேர். மாதத்துக்கு 600 கிராம், அதாவது 400 கிராம் பக்கற்றில் ஒன்றரை. கடைக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். மூன்று பக்கற். மீன் கழுவ, அரிசி வடிக்கப் போனதைக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. அதற்குள் கருவாடு சேரவில்லை, அப்பளம் சேரவில்லை, வெள்ளிக்கிழமை கொத்து ரொட்டி சேரவில்லை, பாண் சேரவில்லை. 2025 இல் உப்புத் தட்டுப்பாடு வந்து கடை கடையாய் அலைந்த நாட்களிலும் எங்கள் வீட்டுச் சம்பலில் உப்புக் குறைந்ததாக எனக்கு நினைவில்லை.

மனைவி சொன்னா: "கருவாட்ட நிப்பாட்டச் சொன்னா நான் நிப்பாட்டுவன். நீங்க சோத்துக்கு முன்னால இரிந்துகொண்டு உப்பு எங்க எண்டு கேக்காம இரிப்பீங்களா?" இந்தக் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. இப்போதைக்கு மூன்று பக்கற் இரண்டாகியிருக்கிறது. கருவாட்டுக்குப் பதில் பச்சை மீன், கீரி மீனும் சூடை மீனும் வாங்குகிறோம். அந்தக் கொழுப்பு மீனில் விற்றமின் டியும் இருக்கிறது, தம்பிக்கு நான் சொல்லக் கூடிய ஒரே ஆறுதல் அது.

இன்னொன்று, படுவான்கரைப் பக்கம் வட்டை வேலை முடிந்ததும் இடுப்பு நோவுக்குப் பாமசியில் கேட்டு வாங்கிப் போடும் நோவுக் குளிசை. டைக்ளோபினாக் போன்றவை பிறசரைக் கூட்டும். அப்பாவின் சேட்டுப் பையில் அது எப்போதும் கிடந்தது.

போன ஞாயிறு தம்பிக்கு நானே கோல் எடுத்தேன். இதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கேட்டேன்: "உன்ட பிறசர் எவ்வளவு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எனக்கென்ன அண்ணன், நான்தான் விற்றமின் போடுறனே."

அப்பாவின் கதையை நினைவுபடுத்தினேன். ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டான். செவ்வாய்க்கிழமை ஒரு படம் வந்தது. அங்கே பாமசியில் கை விட்டுப் பார்க்கும் மெஷின் ஒன்று. திரையில் 158/96. கீழே எழுதியிருந்தான்: "வியாழன் டொக்டரிட்டப் போறன். அண்ணிக்குச் சொல்லாதீங்க."

அவ பக்கத்தில் இருந்துதான் படத்தைப் பார்த்தா.